றிஸானாவின் நாலு வரி

1

இந்தக் கதையைப் பொறாமையில்தான் எழுதத் தொடங்கினேன். மறைத்து என்ன பயன்? பத்து வரி தாண்டுமுன் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஒருத்தியின் நகை மேல், வீட்டின் மேல் பொறாமை என்றால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வந்தது ஒருத்தி எழுதிய கடிதத்தின் மேல். அதுவும் வங்கிக்கு எழுதிய கடிதம்!

என் பெயர் மர்ளியா. இருப்பது கற்பிட்டி. என்னுடைய ஏழு கதைகள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. [எட்டு என்று எழுதி வெட்டினேன். எட்டாவதை அவர்கள் இன்னும் போடவில்லை.] எங்கள் தெரு ஒழுங்கையில் யாருக்கு எந்த அரசாங்கக் கந்தோருக்கு, வங்கிக்குக் கடிதம் தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டேன். புகழ்ந்தால் வேண்டாமென்றும் சொல்லமாட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கருவாட்டு வாடை வீசும் அந்தக் கரையில், அகதியாக வந்த றிஸானா என்னும்—"

வெட்டிவிட்டேன். கருவாட்டு வாடை என் வீட்டிலும்தான் வீசுகிறது. 'அகதி' என்ற சொல்லை ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் புலிகள் துரத்தியபோது அவளுக்கு வயது ஆறு. இப்போது யுத்தம் முடிந்தே ஏழு வருஷம். இங்கேயே கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறாள். ஆனாலும் கோபம் வந்தால் எங்கள் வாயில் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. வெட்கக்கேடு.

3

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கருவாட்டுத் தொழில் செய்யும் பெண்கள் மீன்காரருக்கு வெள்ளிக்கிழமைத் திகதி போட்டுத்தான் செக் கொடுப்பார்கள். கொழும்புக் காசு வியாழன் பின்னேரம் லொறியில் வந்துவிடும். வெள்ளி காலை, ஜும்ஆத் தொழுகைக்கு முன்னம், ஓடிப்போய் வங்கியில் கட்டுவார்கள். ஸ்லிப்பில் முத்திரை விழுந்தால் நிம்மதி.

சில வெள்ளிகளில் வங்கிக்காரர் ஜும்ஆவும் சாப்பாடும் முடிந்து வந்து அதைக் கொம்பியூட்டரில் ஏற்றுவதற்குள் அன்றைய கணக்கு மூடிவிடும். காசு திங்கட்கிழமைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை செக் வரும்போது கணக்கில் காசில்லை. வங்கி தன் காசைக் கொடுத்துவிட்டு, மேலதிகப் பற்று என்று ஒரு தண்டம் போடும். பிறகு தண்டத்துக்கு வட்டி.

[எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எனக்கும் அங்கேதான் கணக்கு.]

இரண்டு வருஷமாக ஒருத்தரும் கவனிக்கவில்லை. றிஸானாதான் கண்டுபிடித்தாள், தண்டம் விழுந்த நாளெல்லாம் வெள்ளிக்கிழமை என்று.

4

அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"ராத்தா, உங்கட கையால ஒரு காயிதம் எழுதித் தாங்கோ. உங்களுக்குத்தானே சொல்லு வரும்."

மூன்று பக்கம் எழுதினேன். "எளியோரின் வியர்வைத் துளிகள் தங்கள் இரும்புப் பெட்டகத்தில் உறங்குகின்றன" என்று அதில் ஒரு வரி. எழுதிவிட்டு இருக்க முடியாமல் எழும்பி நடந்தேன், அவ்வளவு சந்தோசம். வாசித்துக் காட்டியதும் அவளும் "மாஷா அல்லாஹ்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் அவள் கணக்கில் திரும்ப விழுந்தது. "மர்ளியா ராத்தா எழுதின காயிதத்தாலதான்" என்று அவளே ஊரெல்லாம் சொன்னாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்த மாதம் கதை ஒன்றும் எழுதவில்லை. புகழ் வீட்டு வாசலுக்கே வரும்போது கதை எதற்கு?

5

அடுத்து வந்தவர் உம்மு குல்சூம் மாமி. புருஷன் மௌத்தாகி, தனியாகி நாலு வருஷம். நெத்தலி காயப்போட்டு விற்கிறார். அவரிடம் வங்கி எடுத்தது பதினெட்டாயிரத்து நானூறு. அது கிடைத்தால், சோளகக் காற்றும் மழையும் தொடங்குமுன் கூரைக்குத் தகரம் போடலாம். "றிஸானாக்கு எழுதின அதே காயிதம் எனக்கும் வேணும்" என்றார். மூன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. குறிப்பான விபரம் ஒன்றும் இல்லையாம். கவுண்டரில் இருந்த பிள்ளை மாமியிடம் சொல்லியிருக்கிறாள்: "றிஸானா எண்டவவும் முந்தி இப்பிடி நீட்டா ஒண்டு தந்தவ. அதையும் திருப்பினதுதான். பிறகு அவவே எழுதின சின்னக் காயிதத்துக்குத்தான் காசு குடுத்தது."

மாமி இதைக் கோபமில்லாமல் என்னிடம் சொன்னார். "இனி ஒருக்காத்தான் எழுத ஏலுமாம், மகள். இந்த மாசம் முடியமுன்னம்."

எனக்கு நன்றி வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது. என் கடிதம் தோற்றதை மறைத்து, தன்னுடைய வெற்றிக்கு என் பெயரைப் போட்டிருக்கிறாள்! வெறுக்கக்கூட விடாமல் ஒருத்தி இப்படி நல்லவளாக இருந்தால் நான் என்ன செய்வது?

6

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன்: றிஸானா மனேஜருக்குப் பாரைக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்து— வெட்டினேன். இன்னொன்று: அவள் மாமியிடம் ரகசியமாகக் காசு கேட்டு— அதையும் வெட்டினேன். அவளைக் கெட்டவளாக்க எவ்வளவோ பார்த்தேன். மசியமாட்டேன் என்கிறாள்.

வேறு வழியில்லாமல் அவள் வீட்டுக்கே போனேன். முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு, அலுமாரியிலிருந்து தன் கடிதத்தின் பிரதியை எடுத்துத் தந்தாள்.

"ஏன்டி எனக்குச் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்ற, ராத்தா? நீங்க எவ்வளவு ஆசையா எழுதித் தந்தீங்க."

நாலே வரி:

வெள்ளி காலை 11.20க்குக் காசு கட்டினேன், உங்கள் முத்திரை ஸ்லிப்பில் இருக்கிறது.
திங்கள் வரைக்கும் என் காசு உங்கள் லாச்சியில் கிடந்தது.
கணக்கில் காசில்லை என்று என்னிடமே தண்டம் எடுத்தீர்கள்.
இப்படி ஒன்பது வெள்ளி, ஒன்பது ஸ்லிப்பும் இத்துடன், எடுத்ததைத் திருப்பிப் போடுங்கள்.

லாச்சி! நான் இரும்புப் பெட்டகம் என்று மினுக்கிக்கொண்டிருந்தேன். இவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து காசைக் காட்டிவிட்டாள். இருபது வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு விழுந்ததில்லை. அந்த இடத்திலேயே அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்ல அங்கே வெங்காயமும் இல்லை.

7

மாமி நேற்றே வெறுந்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நேரத்தையும் வெள்ளிகளின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி, மாமியின் ஸ்லிப்புகளை இணைத்து, றிஸானாவின் நாலு வரியையும் அப்படியே எழுதினேன். அதற்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் மிச்சம்.

வெறும் இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. ஒரேயொரு வரி. என்னுடைய வரி. காசு கிடைத்தால் அந்த வரியால்தான் கிடைத்தது என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருக்கலாம். கிடைக்காவிட்டால் மாமி இந்தச் சோளகத்துக்கும் சட்டிபானையை ஒழுக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்.

உறையை ஒட்டிவிட்டேன். மாமி வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

"முடிஞ்சிதா மகள்? றிஸானாட மாதிரியேதானே?"

"ஓம், மாமி."

உறைக்குள் இருப்பது நாலு வரியா, ஐந்தா என்று நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் என்னோடு இருந்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். என் மனம் நோகுமே என்று மட்டும் பார்க்காதீர்கள். எனக்காக ஒருத்தி சொன்ன பொய்யே போதும்.