கூடை தூக்குகிறவள்

"இன்னைக்கும் நீ பின்னாலதான் நிக்கப்போற. வேணும்னா பாரு."

கீரைக் கட்டில் சணலைச் சுற்றிக்கொண்டே கணவன் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த கேரட்டை வாளியில் எறிந்தாள். தெறித்த தண்ணீரில் அவன் சட்டை நனைந்தது.

"விடிஞ்சதும் விடியாததுமா நல்லதா நாலு வார்த்தை வராதா உங்க வாயில? அக்கா சொன்ன சொல்லு மாறமாட்டாங்க."

"என்கிட்ட வர்றவங்கதான் மாறமாட்டாங்க. படுத்தா படுத்ததுதான். உயிரோட இருக்கறவங்களை நான் நம்பறதில்ல தாயி."

கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழி வெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டவளுக்கு இப்படிப்பட்ட பேச்செல்லாம் பழக்கம்தான்.

அவர்கள் வீடு கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவளுடைய காய்கறித் தோட்டம். கீரை, கேரட், பீட்ரூட் என்று எதை ஊன்றினாலும் அவள் கையில் தளதளவென்று வரும். ஊர்ச் சந்தையில் விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்பது விதி. அதை நம்பித்தான் முதன்முதலில் கூடையோடு போய் உட்கார்ந்தாள். வந்தவர்கள் கட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள். எந்த வீடு என்று தெரிந்ததும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் நின்று, "உரம் என்னம்மா போடறே?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்றைக்கு அழுதுகொண்டே கூடையைக் கட்டியவளைத் தடுத்து நிறுத்தியவள்தான் பக்கத்துக் கடை தேன்காரி. "அழாத. என் பாட்டில் பக்கத்துல வை. நான் வித்துத் தர்றேன்."

அதே கீரை, அதே கேரட். தேன்காரி கையால் கொடுத்தபோது மதியத்துக்குள் தீர்ந்துபோனது. காசில் அவள் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதனால்தான் இவளும் அக்கா, அக்கா என்று உருகினாள். தேன்காரியிடம் சொந்த இடம் இல்லை என்றதும், தேனீப் பெட்டிகளைத் தன் தோட்டத்து மரத்தடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். தேனீக்கள் சுவரைத் தாண்டிப் போய்க் கல்லறைப் பூக்களில் மேய்ந்துவிட்டு வரும். தேனீக்கு யார் பூ என்ற கவலையா?

இன்று புதிதாகக் கூரை போட்ட கடைகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். "ரெண்டு பேர் பேரையும் போர்டுல போடச் சொல்றேன். தோட்டம் உன்னுதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன். போதுமா?" என்று முந்தின வாரம் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள் தேன்காரி. அதற்காகவே இவள் துணிப்பெட்டியின் அடியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

சந்தையில் சங்கச் செயலாளர் ஒவ்வொரு கடையாக நின்று பேசிக்கொண்டு வந்தார். கூடவே, சந்தைக்கே நாட்டாமை மாதிரி, ஓய்வு பெற்ற டீச்சரம்மா.

"இந்த மாதிரி கீரையை நான் எங்கயும் பார்த்ததில்ல சார்," என்றாள் டீச்சரம்மா. "முதல் கடையை இவங்களுக்குத்தான் குடுக்கணும்."

செயலாளர் தேன்காரியைப் பார்த்தார். "தோட்டம் உங்களுதுதானேம்மா?"

பின்னால் கூடையோடு நின்றவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். இதோ, இப்போது சொல்லப்போகிறாள்.

"ஆமாங்க. என் தோட்டம்தான். ஒவ்வொரு செடியும் என் கையால வெச்சது."

"இவங்க யாரு?"

தேன்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுவா? கூடை தூக்கறவ."

'அவ'கூட இல்லை, 'அது'. நல்ல புடவையின் முந்தானையை இவள் கையில் சுருட்டிக்கொண்டாள்.

டீச்சரம்மா ஒரு கீரைக் கட்டை எடுத்து முடிச்சை இழுத்தாள். ஒரே இழுப்பில் சணல் கையோடு வந்தது. "இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எப்படிப் போடறீங்க, காட்டுங்களேன்!"

தேன்காரி சணலை வாங்கினாள். இப்படிச் சுற்றினாள், அப்படி நுழைத்தாள். சிக்கு விழுந்தது. "அவசரத்துல கை ஓடலைங்க..." என்று அசடு வழிந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு சணலை வாங்கியது. ஒரு சுற்று, ஒரு மடிப்பு. முடிச்சு விழுந்தது.

"என் வீட்டுக்காரர் போடற முடிச்சுங்க இது. பெட்டியைக் குழியில இறக்கினதும் மேல நின்னு ஒரு இழு இழுத்தா கயிறு கையோட வந்துடும். வீட்டுல கீரையும் இப்படித்தான் கட்டுவோம். தோட்டம் என்னுது."

டீச்சரம்மாவின் முகம் வெளுத்தது. போன வருஷம் அவள் கணவரை இறக்கிய கயிறும் அப்படித்தான் மேலே வந்தது. கையிலிருந்த கீரையை மெல்லப் பலகைமேல் வைத்தாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடி," என்று பல்லைக் கடித்தாள் தேன்காரி.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "விதின்னு பார்த்தா, விளைவிச்சவங்களுக்குத்தான் கடை..."

"தேன் இவங்களோடதுதானே சார்?" என்றாள் டீச்சரம்மா சட்டென்று. "போர்டுல காய்கறியை அழிச்சுட்டுத் தேன்னு எழுதிட்டாப் போச்சு."

"அதுவும் சரிதான்," என்ற செயலாளர் இவள் பக்கம் திரும்பினார். "உனக்கு கேட்டுக்கு வெளியில இடம் இருக்கும்மா."

அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே, வெயிலில், சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கூடையைச் சுமந்து வந்து இறக்கி வைத்த கணவன், "நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்காட்டவில்லை. தலையில் போட்டுக்கொள்ள ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். வந்தவர்கள் கீரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள்.

மதியம் டீச்சரம்மா வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். பையில் இரண்டு பாட்டில் தேன்.

"இங்க பாரும்மா. வெயில்ல வாடிப்போகுது. பழையபடி தேன்காரம்மாகிட்ட குடுத்துடு. அவங்க கையால நாங்க வாங்கிக்கறோம். எங்களுக்கும் சங்கடமில்ல, உனக்கும் நஷ்டமில்ல."

"என் கையால வேண்டாமுங்களா?"

"நான் ஒண்ணும் தப்பா நினைக்கறவ இல்ல. ஆனா வாயில வைக்கிற பொருளாச்சே. சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவள் கண் அந்தப் பாட்டில்களின்மேல் நின்றது. கேட்டுக்கு உள்ளே, புதுக் கூரையின் நிழலில், தேன்காரி அசையாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேனீப் பெட்டிகள் கல்லறைச் சுவரோரம் இருப்பது இவளுடைய ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிடும். அந்தக் கண்கள் கெஞ்சின.

இவள் வாடிய கட்டுகளின்மேல் தண்ணீரைத் தெளித்தாள்.

"நல்ல தேன்தாங்க. வாங்கினதைச் சாப்பிடுங்க. என் கீரை என் கையால வாங்கறவங்களுக்கு மட்டும்தான்."

டீச்சரம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் காதில் விழும்படி, புதுக் கூரைவரைக்கும் எட்டும்படி, இவள் முதல்முறையாக வாய் திறந்து கூவினாள்.

"கீரை! என் தோட்டத்துக் கீரை!"