குடிலாகிப் போன திட்டம்

தவசிமுத்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிற ஆசாரி. இரும்பில் எதை வார்க்க வேண்டுமானாலும் முதலில் அவன் அதை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். கைவேலையில் கெட்டிக்காரன், வாயைத் திறப்பதென்றால் மட்டும் பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். அந்தத் தள்ளுகிற உத்தியோகத்தைக் கல்யாணமான நாளிலிருந்து அவன் மனைவி ரோசி குறைவில்லாமல் பார்த்துவந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் இன்ஜினீயர் சுப்பராயன் அவனைத் தேடி ஒர்க்ஷாப்புக்கே வந்தார். பட்டணத்தின் வடகரையை முன்னேற்றுவதற்கென்று சர்க்கார் ஒரு கமிட்டி போட்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதற்குத் தலைவர், சுப்பராயன் காரியதரிசி. வரைபடமெல்லாம் போட்டாகிவிட்டது. ஆனால் கமிட்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு வரைபடத்தைப் பிரித்தாலே கொட்டாவி வருகிறதாம். ஆகையால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரைக்கும் உள்ள நிலத்தை, இன்னும் முப்பது வருஷத்தில் அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, ஒரு மேசைமேல் மரத்திலும் களிமண்ணிலும் செய்து காட்ட வேண்டும் என்றார்.

அவ்வளவு பெரிய மேசைக்கு ஆபீசில் இடமில்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தைச் சாமியார் தந்தார். வேலை முடிகிறவரை கதவைப் பூட்டியே வைக்கும்படி சுப்பராயன் உத்தரவு போட்டார். தவசிமுத்து ஒர்க்ஷாப் வேலை முடிந்ததும் அங்கே போய்க் குனிந்தால் நிமிரமாட்டான்.

நிமிர்ந்த நாட்களில் அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. பிறந்து வளர்ந்த ஊர்தான்; ஆனால் தெருவுக்குள் நின்று பார்க்கிற ஊர் வேறு, பருந்து பார்க்கிற ஊர் வேறு. துறைமுகச் சுவர் கடலுக்குள் கை நீட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்து ரயில் பாதை வடக்கே ஓடி, இன்னும் கட்டாத ஆலைகளின் வாசலுக்கெல்லாம் ஒவ்வொரு கிளை பிரிந்தது. காலடிப்பேட்டை தாண்டி அகலமான ரோடு, மின்சாரக் கம்பம், தண்ணீர்த் தொட்டி.

சுப்பராயன் ஒரு சாயங்காலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இத்தனை நாளும் நம் கரையில் மூட்டையை இறக்குவார்கள், ஏற்றுவார்கள், போவார்கள். நமக்குக் கூலி மட்டும். இனிமேல் தோல், எண்ணெய், பஞ்சு எல்லாம் இங்கேயே பண்டமாக வேண்டும். ஆலை வந்தால் ஆளுக்கு வேலை வரும், வேலை வந்தால் கடை வரும், பள்ளிக்கூடம் வரும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும் தவசிமுத்து, அதுதான் திட்டம்" என்றார். நாட்டுமேல் உண்மையான ஆசை உள்ள மனுஷன்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியாக அவர் ஒரு அளவு கொடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டை அறுத்துக் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார். அது நிலக்கரிக் கிடங்கு. கப்பலில் வருகிற கரியைக் கொட்டி வைத்து ஆலைகளுக்கு அனுப்பும் இடம். அது இல்லாவிட்டால் ஒரு ஆலைகூட நகராது. அதை மட்டும் ஒட்டக்கூடாது, கூட்டத்தன்று துரை தம் கையாலேயே வைப்பார் என்றார். எங்கே வைப்பார் என்று காட்டவும் காட்டினார்.

தவசிமுத்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். அது ரோசி பிறந்த குப்பம். அவள் அண்ணன் அருள்நாதன் கட்டுமரம் ஏற்றுகிற மணல். பெண்கள் கருவாடு காயப்போடுகிற மணல்.

"சார், இங்க ஜனம் கீது சார்."

"படத்தில் வெறும் மணல் என்றுதானே இருக்கிறது? இருந்தாலும் வேறு இடம் கொடுப்பார்கள், பயப்படாதே."

"எங்க சார்?"

"அதற்கு இன்னொரு கமிட்டி போடுவார்கள்."

தவசிமுத்து கட்டையைச் செய்தான், சாயம் பூசினான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ரோசியிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பான், ராத்திரிக்குள் மறந்தவன்போல இருந்துவிடுவான். எதைச் சொல்வது? அந்தத் திட்டத்தைப் பார்த்து மெய்மறந்து நின்றவனும் அவன்தானே.

இப்போது கோயில்பிள்ளை செல்லக்கனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணியடிப்பது, விளக்கேற்றுவது, சாவிகளைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் தேவபாலன் பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்டுகிற கிறிஸ்மஸ் குடில் கட்டுவது அந்தப் பள்ளிக்கூடக் கூடத்தில்தான். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் கதவைத் திறப்பார்கள். வீட்டுக்கு ஒன்றாக எதையாவது செய்துகொண்டு வந்து குடிலில் வைப்பார்கள். அந்த வழக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. வைத்ததை வைத்தவர்கள் தவிர வேறு யாரும் ஜனவரி ஆறாம் தேதி வருகிற மூன்று ராஜா திருநாள்வரைக்கும் தொடக்கூடாது. அந்த வருஷம் குடில் கோயிலுக்குள்ளேயே சின்னதாக இருக்கட்டும் என்று சாமியார் முடிவு செய்திருந்தார். அதைச் செல்லக்கனியிடம் சொல்ல மறந்து சாந்தோமுக்குப் போய்விட்டார்.

செல்லக்கனி அன்று சாயங்காலம் கதவைத் திறந்தார். மேசைமேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். கடல், கோயில் கோபுரம், ரயில், தெரு! தவசிமுத்து கதவைப் பூட்டிக்கொண்டு செய்தது இந்தக் குடிலைத்தானா? பெத்லகேமை எத்தனை வருஷம்தான் கட்டுவது? இந்த வருஷம் பாலன் நம் ஊரிலேயே பிறக்கிறார்! அவர் ஓடிப்போய் மணியை அடித்தார்.

தவசிமுத்து அன்று ஒர்க்ஷாப்பில் மிகுதி வேலையாக நின்றுவிட்டான். மறுநாள் காலையில் கிளம்பும்போது ரோசி, "நீ செஞ்சு குடுத்த படகைக் குடில்ல வெச்சிட்டேன்யா. இந்த வருஷம் குடில் இன்னா அம்சமா கீது தெரியுமா" என்றாள். கோயிலுக்குள் வைத்த குடிலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சரி சரி என்று சொல்லி, பையில் கறுப்புக் கட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தான். அன்று பத்து மணிக்குக் கமிட்டி.

கூடத்தின் கதவைத் திறந்தவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு வரவேண்டிய ஊருக்குள் ராயபுரம் முழுதும் ஒரே சாயங்காலத்தில் குடியேறியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் குட்டிச் சாக்கு மூட்டை ஒன்றைத் தைத்துத் தான் நிற்கிற இடத்தில் வைத்திருந்தான். ரயிலில் கரி தள்ளுகிறவன் தண்டவாளத்தோரம் ஒரு துணிப் பொம்மையை நிறுத்தி அதன் முகத்தில் கரி பூசியிருந்தான். கட்டாத பஞ்சாலையின் வாசலில் ஈர்க்குச்சிப் பெண்கள் இப்போதே வேலைக்கு நின்றார்கள். புது ரோட்டின் இரண்டு பக்கமும் தீப்பெட்டி வீடுகள். எண்ணூரில் யாரோ ஒரு கைப்பிடி உப்பைக் குவித்திருந்தார்கள். ஒரு களிமண் கோழி தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிசாக நின்றது. குப்பத்து மணலில் படகுகள். கட்டுமரம் கட்டுமரமாக, விரல் வைக்க இடமில்லாமல்.

திட்டம் என்றால் என்னவென்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

"எப்டி கீது?" என்று பின்னாலேயே வந்த செல்லக்கனி பெருமையாகக் கேட்டார்.

"ஐயோ, இது குடில் இல்ல! தொரைங்க வர்றாங்க. எல்லாத்தையும் எடுத்துடணும்."

"எடுக்குறதா? கை அழுகிப்பூடும்டா!"

வாசலில் மோட்டார் வந்து நின்றது. துரையும் சுப்பராயனும் கமிட்டிக்காரர்களும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தங்கள் குடிலைத் துரைமார் பார்க்க வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில், பாதி ராயபுரம் வந்து வாசலை அடைத்தது. ரோசியும் அருள்நாதனும் முன்னால் நின்றார்கள்.

சுப்பராயனின் முகத்தில் ஈயாடவில்லை. துரை தொப்பியைக் கழற்றினார். மேசையை மெதுவாக ஒரு சுற்று வந்தார். கோழியின் முன்னால் சற்று நின்றார். விஷயத்தைச் செல்லக்கனி சொல்ல, சுப்பராயன் இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார். தவசிமுத்து கறுப்புக் கட்டையைக் கொடுத்தான்.

துரை குப்பத்து மணலுக்கு மேலே கட்டையைப் பிடித்தார். வைக்க இடமில்லை.

"அந்தப் படகுகளை எடு, தவசிமுத்து" என்றார் சுப்பராயன்.

"என்னால முடியாது சார்."

"ஏன்?"

"வெச்சவங்கதான் எடுக்கலாம். வழக்கம்."

சுப்பராயன் தாமே கையை நீட்டினார். வாசலில் கூட்டம் ஒரு மூச்சாக 'ஆ' என்றது. துரை அவர் கையைத் தடுத்து ஏதோ சொன்னார். பண்டிகையும் அதுவுமாக ஜனங்களின் மனத்தை நோகடிக்க வேண்டாம் என்று சொன்னாராம். பிறகு அவர் மேசையின் மறுபக்கம் போனார். அங்கே கடல் நீலமாக, விரிந்து, சுத்தமாகக் கிடந்தது. துரையின் முகம் தெளிந்தது. குப்பத்துக்கு நேர் எதிரே தண்ணீரில் கட்டையை வைத்தார். கல்லைக் கொட்டிக் கடலை மேடாக்கி அங்கே கிடங்கு கட்டலாம். ஒருவரையும் கிளப்ப வேண்டியதில்லை. கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

தவசிமுத்துவுக்கு ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது. மணல் தப்பியது! அவன் ரோசியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ரோசி சிரிக்கவில்லை.

"கடல்ல இன்னாத்தையோ வெச்சாரே, அது இன்னா சார்?" என்று அவள் சுப்பராயனிடம் கேட்டாள்.

சுப்பராயன் சொன்னார். முதலில் மணலில் வருவதாக இருந்தது, இப்போது அவர்கள் அதிர்ஷ்டத்தால் கடலுக்குப் போய்விட்டது என்றார். ரோசி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் சாகிறவரை மறக்கமாட்டான்.

"அங்கதான சார் வலை வுடுறோம்! நெத்திலி வர்ற எடம். கட்டுமரத்தைத் தள்ளிகினு போற வழியும் அதான். அத்த அடைச்சிட்டா நாங்க மணலை வெச்சுகினு இன்னா பண்றது?"

"அங்கே ஒரு படகுகூட இல்லையே, அம்மா."

"நாளைக்குப் பண்டிகை சார்! எவன் கடலுக்குப் போவான்? பாலன் பொறக்குற ராத்திரி எல்லா மரமும் கரையிலதான் கெடக்கும். அதான் கரையில வெச்சோம்."

சுப்பராயன் அதைத் துரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோசி மேசையருகே வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. தான் வைத்த படகை எடுக்க அவளுக்கு உரிமை உண்டு. அந்தச் சின்னப் படகை மணலிலிருந்து தள்ளி, அலை வரைந்திருந்த விளிம்பைத் தாண்டி, நீலப் பலகைமேல் கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அடுத்து ஒரு கிழவர் வந்து தன் மரத்தைத் தள்ளினார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் வாசலே காலியானதுபோல எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒருவரும் முண்டவில்லை. நிஜக் கடலில் யாருக்கு எது வழியோ அதே வழியில், அவரவர் படகு அவரவர் விரலுக்கு முன்னால் போயிற்று. கரை வெறிச்சோடியது, கடல் நிரம்பியது. கறுப்புக் கட்டையைச் சுற்றி வழி கிடைக்காத படகுகள் முட்டிக்கொண்டு நின்றன.

துரை பார்த்துக்கொண்டே இருந்தார். கமிட்டிக்காரர் ஒருவர் தம்மையறியாமல் மேசையருகே வந்து நின்றார். தவசிமுத்துவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. தான் செதுக்கிப் பூசிய அந்த நீலத்தை அவன் வெறும் சாயமென்றே நினைத்திருந்தான்.

துரை குனிந்து, தம் கையாலேயே கட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்கிறார்" என்றார் சுப்பராயன்.

அருள்நாதன் மட்டும் இன்னும் தன் மரத்தைக் கையிலேயே வைத்திருந்தான். அவன் அதை நீலப் பலகையின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனான். பலகை முடிந்தது. அவன் நிற்கவில்லை. மரத்தைக் கையில் ஏந்தியபடி கூடத்தின் குறுக்கே நடந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. கிழக்குச் சுவர்வரை போய், ஜன்னல் திட்டில் அதை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"காத்து நல்லாயிருந்தா இத்தையும் தாண்டிப் போவோம்" என்றான்.

துரை அந்த ஜன்னலையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். கரிக் கிடங்குக்கு வேறு இடம் பார்க்கலாம், இந்தக் கரையும் வேண்டாம், இந்தத் தண்ணீரும் வேண்டாம் என்றார். கடல் முழுதும் இல்லாத திட்டத்தில் தாம் கையெழுத்துப் போடப்போவதில்லை, மேசையைப் பெரிதாக்கிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். கட்டையைத் தவசிமுத்துவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். சுப்பராயன் போகிற போக்கில் ஜன்னலருகே ஒரு நிமிஷம் நின்று அந்தப் படகைப் பார்த்துவிட்டுப் போனார்.

ரோசி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "இத்தினி நாளா இத்தப் பையில வெச்சுகினுதான் எங்கூடக் கஞ்சி குடிச்சியா?"

அவன் தலைகுனிந்தான். "திட்டிடு ரோசி."

"பண்டிகை கழியட்டும். நல்லா வாங்கிக் கட்டிக்குவே" என்று சொல்லிவிட்டு அவள் பெண்களோடு போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

தவசிமுத்து முழக்கோலை எடுத்தான். மேசை ஓரத்திலிருந்து சுவர்வரைக்கும் வைத்து வைத்துப் பார்த்தான், கணக்குப் பிடிபடவில்லை. அருள்நாதன் ஜன்னலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"மச்சான், கடல் முழுக்கச் செய்யணும்னா எவ்ளோ பலகை ஆவும்?" என்று தவசிமுத்து கேட்டான்.

அருள்நாதன் வெளியே திரும்பி, மத்தியான வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்த நிஜக் கடலைப் பார்த்துச் சிரித்தான்.

"உன் ஒர்க்ஷாப்புல அவ்ளோ மரம் கீதா மச்சான்?"