குலவைக்கு எழுத்தில்லை

1

இக்கதையை நான் தேடிப் போகவில்லை; ஓர் எசுப்பானியச் சொல்லுக்கு நேர்த்தமிழ் தேடிய இடத்தில் அகப்பட்டது. சொல்: ஹூபிலோ.* பேரின்பம் என்று பெயர்த்தேன், அடித்தேன். அது வீடுபேற்றுக்கு உரியது. களிப்பு என்றேன், கள் நாறியது. மகிழ்ச்சியோ உள்ளேயே கிடக்கவும் கூடும். ஹூபிலோ கிடக்காது, வாய்விட்டு வெளியே வந்தால்தான் அதற்கு அந்தப் பெயர்.

* 'ஹ' நம் எழுத்தன்று. ஆயுளெல்லாம் தமிழ் கற்பித்தவன் இதை எழுத நேர்ந்தது வெட்கம். இக்கதையில் இதனினும் பெரிய வெட்கம் உண்டு.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வைகையில் அன்று வெள்ளம் வந்து' – வேண்டாம். வெள்ளத்துக்கு இங்கே வேலையில்லை.

மறுமுயற்சி: 1983. சிம்மக்கல் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியர் நல்லகாமனுக்குப் பணிநிறைவு விழா. (அழைப்பிதழில் 'பணிநிரைவு'. அச்சகத்தானை நான் மன்னிப்பதாக இல்லை.) விருந்தினராக வந்த எசுப்பானியப் பாதிரியார், தம் மொழியில் ஓய்வுபெறுதலும் ஹூபிலோவும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்றார், எங்கள் ஊராயிருந்தால் ஐயாவுக்கு இது ஆனந்தக் கூச்சலிடும் நாள் என்றார்.

பெண்கள் வரிசையிலிருந்த செல்லத்தாய் அதைக் கேட்டாள். நல்லகாமனின் மனைவி; உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் வீட்டுப் பெண். நாவைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள்.

மாணவர்கள் சிரித்தார்கள். மைக்கின் முன் நின்ற நல்லகாமனுக்குக் காது மடல் சுட்டது.

"நிப்பாட்டுடி."

ஒலிபெருக்கி அதைத் தெருமுனைவரை கொண்டுபோயிற்று. மாணவர் ஏடுகளில் 'நிப்பாட்டு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'நிறுத்து' என்று திருத்திய மனிதர். அந்தக் கடைசி எழுத்தை எந்த மையால் அடிப்பது?

3

[இவ்விடத்தில் என் பாத்திரத்தை ஐயுறுகிறேன். தீயவர் அல்லர். அன்றிரவு இலையின் முன் அமர்ந்து, பிழையற்ற வாக்கியமொன்றைக் கட்டிக்கொண்டுதான் வாயெடுத்தார்: 'இன்று மேடையில் நான் கூறியது' –

"சோறு ஆறுது," என்றாள் அவள். வாக்கியம் பயனிலை பெறாமலே போயிற்று.]

4

தை மாதம். அவனியாபுரத்தில், வாசல் பந்தலில், மகள் திருமணம். தாலி ஏறியதும் பெண்ணைப் பெற்றவள் குலவையைத் தொடங்க வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மேளம் ஓய்ந்தது. செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தி நின்றாள்.

"என்ன மதினி, நாக்க அடகு வச்சுட்டீகளா?" என்றாள் நல்லகாமனின் தங்கை இருளாயி. பெண்கள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. மணமேடையிலிருந்து மகள் தாயையே பார்த்தாள்.

வாழ்த்துரைக்காக மைக்கைக் கையில் வைத்திருந்த நல்லகாமன் அருகில் போய்க் குனிந்தார். "செல்லத்தாயி, ஆரம்பி."

"மைக்கு இருக்குங்க," என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

5

முடிவுகள்: அவள் மன்னித்துக் குலவையிட்டாள். அடித்துவிட்டேன், அவருக்குச் செலவில்லாத மன்னிப்பு. அவர் செந்தமிழில் மன்னிப்புக் கேட்டார். அதையும் அடித்தேன், மீண்டும் அவர் பேச்சே.

மைக்கை அணைத்தால் அவள் குரல் பந்தலோடு நின்றுவிடும். அவளிடம் நீட்டினால் ஊர் கேட்கும். அவள் வாய் திறவாவிடின் அந்த மௌனத்தையும் ஊர் கேட்கும்.

நீட்டினார்.

அடுத்ததை எழுத நம்மிடம் எழுத்தில்லை. அயலானின் சொல்லுக்கு 'ஹ' இரவல் வாங்கினேன். அவள் நாவுக்கு எங்கே போய் இரவல் வாங்குவேன்? இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் குலவையிடத் தெரிந்தவர் இருப்பின் கேளுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள்.

(                    )