உடைத்த பாக்கெட்

ராமக்காளுக்குப் பிஸ்கட் வாங்கித் தின்கிற பழக்கம் கிடையாது. ஆனாலும் அவள் அடுக்களையில் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்று எப்போதும் பிஸ்கட்டோடு இருக்கும். அதற்கான காரணம் எழுமலையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

மேலத்தெருக்காரர்கள் எப்போதாவது இந்தத் தெருவுக்கு வருவார்கள். ஓட்டுக் கேட்கவோ, அங்கன்வாடி ஆயாவான அவளிடம் ஏதாவது விசாரிக்கவோ வருவார்கள். காப்பி என்றால் இப்பத்தான் குடித்தேன் என்பார்கள். தண்ணீர் என்றால் தாகமில்லை என்பார்கள். கண்ணெதிரே கிழித்த பிஸ்கட் பாக்கெட் என்றால் மட்டும், மரியாதைக்கு ஒன்றை எடுத்து நுனியில் கடித்துவிட்டுக் கிளம்புவார்கள். பாக்கெட்டுக்குள் யார் கையும் படவில்லையாம். நல்ல நியாயம்!

மிச்சத்தைத் தூக்கிப் போட ராமக்காளுக்கு மனசு வராது. பாக்கெட்டின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுவாள். ஈரத்தை இழுத்துக்கொள்ள டப்பாவின் அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்திருப்பாள். உப்பு பிஸ்கட்டையும் இனிப்பு பிஸ்கட்டையும் ஒன்றாகச் சேர்க்கவே மாட்டாள். ஐப்பசி மழையில் கூட அவள் டப்பா பிஸ்கட் நமுத்தது கிடையாது. காலையில் பால் விடாத வரக்காப்பியோடு அவள் மட்டும் இரண்டு தின்பாள். மகள் முத்துமீனா தொடவே மாட்டாள்.

"அவங்க வச்சிட்டுப் போன மிச்சத்த நீயே தின்னு" என்பாள்.

அந்த முத்துமீனாவைப் பார்க்கத்தான் இன்றைக்கு ஆள் வருகிறது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளோடு வேலை பார்க்கும் செல்வக்குமாருக்கும் அவளுக்கும் மூன்று வருஷப் பழக்கம். அவன் மேலத்தெருக்காரர்களுக்குச் சொந்தம், உசிலம்பட்டிப் பக்கம். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "அவங்கம்மா சரின்னாத்தான் கல்யாணம்" என்று முத்துமீனா ஒரே பிடியாக நின்றாள். அந்த அம்மா சீனியம்மாளும் ஒரு வருஷம் இழுத்தடித்து, "வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் மகளின் வாழ்க்கையே தொங்குகிறது என்று ராமக்காளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு மழைத் தூறலோடு கார் வந்து நின்றது. சீனியம்மாளோடு அவர் தம்பி முத்திருளனும் இறங்கினார். செல்வக்குமாருக்குத் தாய்மாமன், இந்தச் சம்பந்தமே ஆகாது என்று குதித்தவர். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், எப்போது எழலாம் என்று பார்த்து உட்கார்ந்தார். சீனியம்மாள் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முத்துமீனாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ராமக்காள் தட்டில் மூன்று புதுப் பாக்கெட்டுகளை அப்படியே கொண்டுவந்து வைத்தாள். முத்திருளன் ஒன்றை எடுத்து, ஒட்டு சரியாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தானே கிழித்தார். கடித்தார். சத்தமே வரவில்லை.

"நமுத்துப் போச்சுக்கா" என்றார் அக்காவிடம். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

ராமக்காள் பதறிப்போய் அடுத்ததை நீட்டினாள். அதுவும் அப்படித்தான். அப்போதுதான் பார்த்தாள், மூன்று பாக்கெட்டின் ஓரத்திலும் ஓட்டை. காலையில் அவள் பிய்த்தெடுத்த இலவச ஷாம்புவை ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் கோத்திருந்தான் கடைக்காரன். பின் போன ஓட்டை வழியே மழைக்காற்று உள்ளே போயிருக்கிறது. பாழாய்ப்போனவன்!

"புதுசுதாங்கய்யா. கடக்காரப் பய பின்னடிச்சு..."

"அட விடு, வெளங்கிருச்சு. எந்திரிக்கா, மழ வலுத்துரும்."

சீனியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டார். முத்துமீனா தலையைத் தூக்கவே இல்லை. மகளின் அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் ராமக்காளுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை, கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய் எவர்சில்வர் டப்பாவைத் தூக்கி வந்து, மூடியைத் திறந்து சீனியம்மாள் முன்னால் வைத்தாள்.

"இது ஒடச்ச பாக்கெட்டுதான், மறைக்க ஒண்ணுமில்ல. உங்க சனங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வச்சிட்டுப் போன மிச்சம். நாந்தான் எங்கையால எடுத்து வச்சுக் காப்பாத்திக்கிட்டு வாரேன். எம்மகளப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. பிஸ்கட்டு மேல பழியப் போட்டுட்டுப் போகாதீங்க."

"அம்மா" என்றாள் முத்துமீனா, காற்றுப் போல.

"எம்புட்டு நாளாச்சு இது?" சீனியம்மாள்தான் கேட்டார்.

"மூணு வாரம்."

"இந்த மழையிலயா?"

"அக்கா, வா" என்றார் முத்திருளன்.

சீனியம்மாளின் கை டப்பாவுக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவர் ஒருதரம் தம்பியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று கேட்டது.

முத்திருளன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் காருல இருக்கேன்" என்று சொல்லி மழையில் நடந்தார். சீனியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதை எடுத்தார்.

"வெறுவாயில எப்பிடித் திங்கிறது? கொஞ்சம் காப்பி போடுங்க."

ராமக்காள் அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள், பிரிட்ஜைத் திறந்தாள். வருகிறவர்களுக்கென்று வாங்கிய கலர் பாட்டில் இரண்டு, மூடி திறக்காமல் நின்றன. பால் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. அவர்கள் காப்பி குடிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் ஒதுக்குவது இருக்கட்டும், தன் வீட்டுக் காப்பியைத் தானே ஒதுக்கிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக வந்தது, அழுகையும் வந்தது.

"என்னாச்சு?"

நிலைப்படியில் சீனியம்மாள், கையில் டப்பாவோடு நின்றார்.

"பாலு வாங்கலைங்கம்மா. நீங்க குடிப்பீங்கன்னு..."

சீனியம்மாள் அடுப்பைப் பார்த்தார். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வரக்காப்பி போடுங்க மதினி, போதும்" என்றார் உறவுமுறை சொல்லி. "அடியில என்னத்த முடிஞ்சு போட்டிருக்கீக? எங்க வீட்டுல ரெண்டு நாள்ல நமுத்துப் போகுது."

ராமக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று டம்ளரை எடுத்து வைத்தாள். காரில் இருக்கிறவர் நினைவு வந்தது. குடிப்பாரோ மாட்டாரோ, நாலாவது டம்ளரையும் எடுத்துக் கழுவினாள்.