எட்டாம் நம்பரைப் பார்த்துக்கொள்

சனாத்தெஸ் கால்பந்து அணி எங்களோடு நட்பு ஆட்டம் ஆட வருகிறது என்று ஃபிதென்சியோ வந்து சொன்னபோது நாங்கள் செங்கல் சூளை அடுக்கிக்கொண்டிருந்தோம். யாரும் சந்தோஷப்படவில்லை. எவரிஸ்தோ கையிலிருந்த சுடாத பச்சைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. சனாத்தெஸ்காரர்கள் இரண்டாம் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள். நகரத்தில் அவர்களுக்குப் புல்தரை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், துணி துவைக்கக்கூட ஆள் இருக்கிறது. நாங்கள் லாஸ் ஓர்னோஸ் சூளைக்காரர்கள். வாரமெல்லாம் மண் மிதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்களோடு ஆடுவோம். எங்கள் மைதானத்தில் விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது.

"சீசன் முடிஞ்சிருச்சுல்ல, பயிற்சிக்கு வேணுமாம்" என்றான் ஃபிதென்சியோ.

"பயிற்சிக்கு அவங்க ஊர்ல ஆள் கிடைக்கலையா?"

"கேட்டாங்க, சரின்னேன். போஸ்டர் ஒட்டக்கூடாது, பேப்பர்காரனைக் கூப்பிடக்கூடாது, யாரும் செல்போன்ல படம் பிடிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

ஃபிதென்சியோ எங்கள் கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் என்பதால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கழுத்தைச் சொறிவான். அன்றைக்கு நின்ற நேரமெல்லாம் சொறிந்துகொண்டேயிருந்தான்.

அவன் போனதும் எவரிஸ்தோ ஆரம்பித்தான். இடது ஓரத்தில் ஆடுகிறவன் அவன். கல் லாரி ஓட்டுவதால் நாலு ஊர்ச் செய்தி அவன் வாயில் இருக்கும்.

"சனாத்தெஸ் முதலாளி யாருன்னு தெரியுமா? கிடங்கு கட்டுறவன். போன வருஷம் கீழ மண்ணெடுத்த பள்ளம் என்னாச்சு? வேலி போட்டாங்க. இப்ப நம்ம மைதானம் கண்ணுல பட்டிருக்கு."

"மைதானம் ஊர்ப் பொதுநிலம்டா" என்றேன்.

"பள்ளமும் பொதுநிலம்தான் நிக்கனோர்."

நான் அடுத்த கல்லை எடுத்து அடுக்கினேன்.

புதன்கிழமை ஒரு வெள்ளை வண்டி மைதானத்தில் வந்து நின்றது. லாரியிலிருந்து எவரிஸ்தோ பார்த்திருக்கிறான். தொப்பி வைத்த ஒருவர் கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை நடந்தாராம். குதிகாலால் தரையைக் குத்தினாராம். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தாராம். பக்கத்தில் கைகட்டி நின்றது ஃபிதென்சியோ.

"கிடங்குக்கு அஸ்திவாரம் தாங்குமான்னு பாக்குறான். உன் கொம்பாத்ரே கூட நிக்கிறான்" என்றான் எவரிஸ்தோ.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தும் அதே யோசனைதான். என் மனைவி ஹசிந்தா சுட்ட சோள ரொட்டியை, தோர்த்தியாவை, தட்டில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எவரிஸ்தோ சொல்றதைக் கேட்டுக்கிட்டு வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. போய் உன் கொம்பாத்ரேயையே கேளு" என்றாள்.

போய்க் கேட்டேன். ஃபிதென்சியோ வீட்டு வாசலில் கையுறைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த ஆள் யாரு கொம்பாத்ரே?"

"அவங்க வாத்தியார், சல்மெரோன்னு பேரு. தரை எப்படி இருக்குன்னு பாக்க வந்தாரு."

"மண்ணைக் கையில எடுத்துப் பாக்குறவன் பந்தாட்ட வாத்தியாரா?"

தலை நிமிராமல் ஊசியைக் குத்தி இழுத்தான். "ஞாயித்துக்கிழமை எட்டாம் நம்பரை நீதான் பாத்துக்கணும். எப்பவும் ஆடுற மாதிரியே ஆடு."

"நான் எப்ப வேற மாதிரி ஆடியிருக்கேன்?"

"இல்ல, சொல்றேன். எப்பவும் போலவே ஆடு."

ஒரே பேச்சை எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்? திரும்பி வரும்போது கிடங்கு விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. இதில் நான் எங்கே வருகிறேன் என்ற எண்ணம்தான் குடைந்தது. எட்டாம் நம்பரை நான் தொடாமல் விட வேண்டுமா, அடித்துப் போட வேண்டுமா, என்னை வைத்து எதையோ முடிக்கப் பார்க்கிறார்களா? நான் நடுத் தற்காப்பில் ஆடுகிறவன். கால் பலம் உள்ளவன் என்று சுற்று வட்டாரத்தில் பேர். பந்துக்குப் போனால் முழு உடம்போடும் போவேன், ஆனால் ஆளை அடிக்கப் போனதில்லை.

ஞாயிறு காலை அவர்கள் பெயர் எழுதாத ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அணியின் பஸ் எங்கே என்று எவரிஸ்தோ என் காதில் கேட்டான். கூடவே ஒரு டாக்டரம்மா பெரிய பையோடு இறங்கினார். வந்தவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், கைகொடுத்தார்கள். எட்டாம் நம்பர் மட்டும் யாரிடமும் ஒட்டாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்து, காலுறையை முழங்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். உரியேல் என்று கூப்பிட்டார்கள்.

சல்மெரோன் வாத்தியார் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். என் கையை மட்டும் விடவில்லை.

"நீங்கதானே நிக்கனோர்?"

"ஆமா. என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். பிறகு அவர் பார்வை என் காலுக்குப் போனது. சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் பார்க்கிற பார்வை.

ஆட்டம் தொடங்கியது. அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்பது உடனே தெரிந்துவிட்டது. பந்து எங்கே போகும் என்று நாங்கள் யோசிப்பதற்குள் அங்கே ஒருவன் நின்றான். மூச்சு வாங்குவதற்குள் இரண்டு கோல். இரண்டாவதை ஃபிதென்சியோ விரலால் தொட்டுவிட்டான், தடுக்க முடியவில்லை. வேண்டுமென்றே விட்டானா என்று ஒரு நொடி நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நம்பர் விஷயம்தான் விசித்திரமாக இருந்தது. பந்து அவன் காலில் பசை போல ஒட்டியது, அப்படி ஒரு கை தேர்ந்த ஆட்டக்காரன். ஆனால் நான் நாலடி தூரத்தில் வந்தாலே பந்தை யாருக்காவது தள்ளிவிட்டு விலகிவிடுவான். யார் வசமும் இல்லாத பந்து ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. ஓடி வந்தவன் கடைசியில் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பந்து சும்மா என் காலுக்கு வந்தது.

"பாத்தியா, நம்மள ஒரசக்கூட அருவருக்கிறான். சேறு ஒட்டிக்குமாம்" என்றான் எவரிஸ்தோ.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களைக் கேலி செய்யவே வந்திருக்கிறார்கள் என்று ஆத்திரம் வந்தது.

இடைவேளையில் எல்லோரும் ஆரஞ்சுச் சுளை சப்பிக்கொண்டிருக்க, நான் ஃபிதென்சியோவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன நடக்குது இங்க? அவன் ஏன் எங்கிட்ட மட்டும் ஒதுங்குறான்? நீ அவங்ககிட்ட என்ன பேசி வச்சிருக்க?"

அவன் வாய் திறந்தான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் பார்வை எனக்குப் பின்னால் போனது. அங்கே சல்மெரோன் நின்றுகொண்டிருந்தார்.

"ஆடு கொம்பாத்ரே. முடிஞ்சப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பத்துக்குப் போய்விட்டான்.

"அந்த எட்டாம் நம்பர் காலைத் தட்டிவிடு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றான் எவரிஸ்தோ.

"நீ உன் ஓரத்தைப் பாரு" என்றேன்.

மறுபாதியில் இன்னொரு கோல் வாங்கினோம். அதன் பிறகுதான் அந்தப் பந்து வந்தது. எங்கள் ஆள் ஒருவன் தப்பாக உதைத்தது, நடு மைதானத்தில் ஒருமுறை குதித்து இறங்கியது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உரியேல். அவன் பின்வாங்குவான் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நான் போவது எப்படியோ அப்படியேதான் போனேன். அவன் இந்தத் தடவை காலை இழுக்கவில்லை.

இருவர் காலும் ஒரே நேரத்தில் பந்தில் பட்டது. மரக்கட்டையைக் கோடரி பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் எகிறிப் புழுதியில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவன் வலது காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். ரெஃப்ரி விசில் ஊதவில்லை, ஊத வேண்டிய தப்பும் அதில் இல்லை.

ஆனால் அவன் அணியில் ஒருவன்கூட ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள். டாக்டரம்மா பையோடு எழுந்தார். சல்மெரோன் அவர் கையைப் பிடித்து நிறுத்துவதைப் பார்த்தேன்.

அவன் காலுறை கணுக்கால்வரை சரிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரைக்கும் ஒரு தழும்பு. இருபுறமும் தையல் போட்ட புள்ளிகள். இன்னும் நிறம் மாறாத, ரோஸ் நிறத் தோல்.

பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "தம்பி" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காலை மேலிருந்து கீழாகத் தடவினான். கணுக்காலைச் சுழற்றினான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தக் காலைத் தரையில் ஓங்கி மிதித்தான். இன்னொரு தடவை மிதித்தான்.

"ஒண்ணும் ஆகல" என்றான், யாரோ அவனுக்குச் சொன்ன செய்தியை நம்பாதவன் போல. பிறகு என்னைப் பார்த்து, "மறுபடியும் வாங்கண்ணே" என்றான்.

எனக்குத்தான் அதன்பின் கால் வரவில்லை. அவன் என்னைத் தேடித் தேடி வந்தான். முட்டினான், மோதினான், என்னைத் தாண்டிப் போய் இரண்டு கோல் போட்டான். எங்களுக்கு எவரிஸ்தோ ஒன்று போட்டான். ஐந்துக்கு ஒன்று. கடைசி விசிலின்போது சனாத்தெஸ்காரர்கள் கோப்பை வாங்கியவர்கள் போல உரியேலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபிதென்சியோ கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தான். போன வருஷம் ஆட்டத்தில் உரியேலின் கால் முறிந்ததையும், எலும்பு கூடியும் பயம் போகாததையும், அவன் அணிக்காரர்களே அவனோடு மோதத் தயங்கியதையும் சொன்னான். சான் இசித்ரோ திருவிழாப் போட்டியில் சல்மெரோன் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். பந்துக்கு முழுசாகப் போகிறவன், ஆனால் ஆளை அடிக்காதவன் ஒருவன் அவருக்கு வேண்டியிருந்தது. கூட்டமும் கேமராவும் இல்லாத ஓர் இடமும் வேண்டியிருந்தது.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவர் கேட்டுக்கிட்டாரு. சொல்லியிருந்தா நீ பையப் பையப் போயிருப்ப."

"அந்தக் கால் திரும்ப முறிஞ்சிருந்தா?"

"முறியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"உனக்குச் சொன்னாங்க. எனக்கு யாரு சொன்னா? முறிச்சவன்னு நான்ல காலம்பூரா சுமந்திருப்பேன்."

அவன் கையுறைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கழுத்தைச் சொறியவில்லை. பொய் சொல்கிறான் என்று அவனைச் சந்தேகப்பட்ட ஒரு வாரத்தைவிட, அவன் உண்மை சொன்ன அந்த நிமிஷம்தான் எனக்கு அதிகம் கசந்தது.

பெண்கள் பெரிய சட்டியில் பன்றிக்கறி வறுத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அங்கே போனார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். உரியேல் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"என் மேல கோபமாண்ணே?"

"உன் மேல இல்ல. உனக்காவது என்ன ஏதுன்னு தெரியுமே."

"எனக்கா? அங்க எல்லாம் வயசான சூளைக்காரங்க, மெதுவா ஆடுவாங்க, சும்மா ஓடிட்டு வான்னு சொன்னாரு வாத்தியார்."

நான் கழுவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன். "வயசானவங்களா?"

"அப்படித்தான் சொன்னாரு. முதல் நிமிஷத்துலயே நீங்க வர்றதப் பாத்து எனக்கு உசுரே இல்ல. யாரோ உங்களை ஏவி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். கறியைத் தோர்த்தியாவில் சுருட்டி எனக்கு ஒன்று நீட்டினான். தூரத்தில் சல்மெரோனும் ஃபிதென்சியோவும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த சீசனில் உரியேல் ஆடினான். எவரிஸ்தோ லாரி ரேடியோவை உரக்க வைப்பான், சூளையில் நின்று கேட்போம். யாரோ அவன் காலுக்குக் குறுக்கே போனதாகச் சொல்லும்போதெல்லாம் என் கை வேலையை நிறுத்திவிடும்.

ஃபிதென்சியோவோடு ஆடாமல் இருக்க முடியாது, ஊரில் வேறு கோல்கீப்பர் கிடையாது. மழைக்காலம் முடிகிறவரை பந்து விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. அப்புறம் என் மூத்த மகள் மாதாகோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற நாள் வந்தது. ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும், நின்றான், பேச்சும் வந்துவிட்டது. ஆனால் பழையபடி இல்லை. அவன் ஏதாவது சொன்னால் ஒரு நொடி கழித்துத்தான் என் காதில் ஏறும்.

டிசம்பர் விடுமுறைக்கு நகரத்தில், அவர்கள் புல்தரையில் இன்னோர் ஆட்டம் ஆட வரச்சொல்லிச் சல்மெரோனிடமிருந்து அழைப்பு வந்தது. செய்தியைக் கொண்டுவந்த ஃபிதென்சியோவை அங்கேயே நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவருக்குப் போன் போடச் சொன்னேன்.

"எதுக்கு வாத்தியாரே?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆடத்தான் நிக்கனோர். வேற எதுக்கு?"

"இந்தத் தடவை யாரோட கால்?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. யாரோட காலும் இல்லை, உரியேல்தான் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்றார். நான் அதை நம்பவில்லை. எவரிஸ்தோவும் நம்பவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானமே சூளையை மூடிவிட்டு, கல் லாரியைக் கழுவி, எல்லோருமாக ஏறி உட்கார்ந்தோம்.