பின்சீட்டுப் பை

பையை அவள் உள்ளும் புறமுமாகப் புரட்டிப் போட்டதும் கடைக்காரர் முகம் சுருங்கியது. பைக் பை வாங்க வருகிறவர்கள் ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள், தண்ணீர் இறங்குமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இப்படிக் குடலை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவளை அவர் கண்டதில்லை.

“இதுல பட்டை சேர்ற இடத்துல ஒத்தைத் தையல்தான் ஓடியிருக்கு,” என்றாள். “பாரம் ஏறினா பிரிஞ்சிடும்.”

“என் வீட்டுக்காரி துணிக் கம்பெனியில செக்கர். அவ கண்ணுல மண்ணைத் தூவ முடியாது,” என்று கணவன் பெருமையாகச் சிரித்தான்.

விலை உயர்ந்த பைகள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அவற்றின் பக்கம் இருவருமே திரும்பவில்லை. சுவரில் தொங்கிய மலிவு ரகங்களில் அவள் நான்கைக் கழித்துக் கட்டினாள். ஒன்றில் பக்கிள் நகத்தால் அழுத்தினாலே வளைந்தது. இன்னொன்றில் உள்பூச்சு மாவு போல விரலில் ஒட்டியது. ஐந்தாவது, கறுப்புக் கேன்வாஸ் ஜோடி, தேறும் போலிருந்தது. சீட்டின் குறுக்கே இரண்டு அகலப் பட்டைகள், இருபுறமும் ஒவ்வொரு பை.

“ஒருத்தரா, ரெண்டு பேரா?” என்று கடைக்காரர் கேட்டார். “பின்னாடி ஆள் உக்காந்தா பட்டையை சீட்டுக்கு அடியில விடணும், பையையும் பின்னால தள்ளிக் கட்டணும். ஒருத்தர்னா கவலையே இல்ல, சீட்டு மேலயே போட்டுடலாம். பின்சீட்டுல இன்னொரு பையும் வைக்கலாம்.”

“ஒருத்தர்தான்,” என்றான் கணவன்.

அவள் விரல் தையலின் மேல் அப்படியே நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காதது போல, அடுத்த அங்குலத்துக்கு நகர்ந்தது.

மகள் ஹாஸ்டலில் சேர்ந்த மாதம் அவன்தான் முதலில் பேச்சை எடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே போனில் மலைப்பாதை ஒன்றைக் காட்டி, “ஒரு தடவை பைக்ல இங்க போயிட்டு வரணும்,” என்றான். போயிட்டு வரணும். யார் என்று அவன் சொல்லவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ‘நாம’ என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள். சேர்த்துக்கொண்டதோடு விடாமல், ஐந்து ஞாயிறு கம்பெனிக்குப் போய் மற்றவர்களுக்காக நின்று, அவன் லீவு எழுதிக் கொடுத்த அதே பத்து நாளுக்குத் தானும் விடுப்பு வாங்கிவிட்டாள். அவனிடம் கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தாள். ஆனால் பக்கத்து மேஜைக்காரியிடம் வாய் நிற்கவில்லை. அந்த மேஜைக்காரிக்குத் தையல் லைன் முழுக்க ‘ரேடியோ’ என்று பெயர். சாயங்காலத்துக்குள் இஸ்திரிப் பிரிவு வரை செய்தி போய்விட்டது. “இந்த வயசுல ஜோடியா பைக்லயா! கொடுத்து வச்சவ,” என்று சூப்பர்வைசரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் வாசலில் வண்டியை நிறுத்திப் பையை மாட்டினான். அவனுக்குக் கைவேலை சுட்டுப் போட்டாலும் வராது. வலது பை தொங்கி சைலன்சரில் போய் உட்கார்ந்தது. பட்டையை இறுக்கினால் இடது பை மேலே ஏறிக்கொண்டது.

“இங்க கொஞ்சம் வாயேன்,” என்று கூப்பிட்டான்.

போகாமல் இருந்திருக்கலாம். போனாள். பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டிப் பையின் அடியில் கொடுத்து விறைப்பாக்கினாள். பின்பக்கப் பட்டையைப் பின்சீட்டுக் கைப்பிடிக் கம்பியில் சுற்றினாள். முன்பக்கத்தை இழுத்துக் கட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. தேடிப் பார்த்ததில், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டைதான் வாகாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் செருப்பு தேய்த்துத் தேய்த்து ரப்பர் ஒரு பக்கம் வழுவழுவென்றாகியிருந்தது. அதில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சைலன்சருக்கும் பையின் அடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்தது.

“கெட்டிக்காரி,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “கோவம் ஒண்ணும் இல்லையே?”

“எதுக்கு?”

“இல்ல... இருபத்திரண்டு வருஷமா டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். அந்த ஓட்டைக்குள்ள யாராவது குனிஞ்சு எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. பத்து நாள் யாரும் என்கிட்ட எதுவும் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான்.”

அந்த ‘யாரும்’ என்பதில் தானும் இருப்பது அவளுக்குப் புரிந்தது. கோபப்பட முடியாத அளவுக்கு அவன் சொன்னது உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு,” என்றாள்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். “நீ வேலைக்குப் போயிட்டு வந்தா பொழுது பறந்துடும்.”

விடுப்பு என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. இனிமேல் அதைச் சொன்னால் அது கெஞ்சலாகிவிடும். முழுங்கினாள்.

அவன் குளிக்கப் போனபோது பட்டைகளை மறுபடி தடவிப் பார்த்தாள். இடது பையின் உள்மூலையில், கடையில் அவள் விரல் நின்ற அதே இடத்துக்கு அப்பால், மூன்று தையல் விட்டுப்போயிருந்தது. அவள் கண்ணுக்கு இப்படி ஒன்று தப்பியதே இல்லை, அன்றைக்குத் தப்பியிருந்தது. சும்மா விட்டால் ஏதாவது இறக்கத்தில் பட்டை பிய்ந்து சக்கரத்தில் சிக்கும். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தடித்த ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்து, கை சிவக்கச் சிவக்க மூன்று வரிசை போட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

திங்கள் விடிந்ததும் அவன் கிளம்பினான். திருப்பத்தில் கையைத் தூக்கினான், திரும்பிப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் டிபன் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். சேலையைக் கையில் எடுத்தபோது ரேடியோவின் முகம் நினைவுக்கு வந்தது. “என்ன, போகலையா? ஏன்? சண்டையா?” என்று நூறு பேர் கேட்பார்கள். இரக்கப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். சேலையைத் திரும்ப மடித்து வைத்தாள்.

கம்பெனி வேன் ஏழு நாற்பதுக்கு அவள் ஜன்னலை உரசுகிற மாதிரித்தான் போகும். ஊரில் இல்லாதவளின் வீடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வைத்தாள்: ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். முன்கதவுக்கு வெளியே பூட்டைத் தொங்கவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். மிக்ஸி போடவில்லை. மாடியில் துணி காயப்போடவில்லை. குழாயைக் கூடச் சத்தமில்லாமல் திறந்தாள். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நடமாட வேண்டியிருப்பதை நினைத்து முதல் நாள் ஒரு தரம் சிரிப்புக்கூட வந்தது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, “சொல்லாமலே போயிட்டாளே,” என்று தனக்குள் பேசிக்கொண்டு போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் காலை அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. வளைவான சாலை, கீழே பஞ்சுப் பொதியாக மேகம், ஓரத்தில் வண்டி. பைகள் இம்மியும் சரியாமல் நேராக நின்றன.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைன்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ரேடியோ எழுதினாள்: “மகராணி, எங்களை மறந்துட்டியா? ஒரு போட்டோ அனுப்பினா குறைஞ்சா போயிடுவ?”

அவள் விரல் தயங்கியது. பிறகு அந்தப் படத்தை அப்படியே அனுப்பினாள்.

மளமளவென்று பதில்கள் விழுந்தன. யம்மாடி. குளிருதா? எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல. கடைசியில் ரேடியோ கேட்டாள்: “சரி, உன்னை எங்க காணோம்?”

“நான்தான் படம் எடுத்தேன்,” என்று எழுதினாள்.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. சட்டென்று தரையில் உட்கார்ந்து, திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். முன்னால் மாடு ஒன்று குறுக்கிட, வேன் அவள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. யாரும் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ஓரத்து இருக்கையில் ரேடியோ, போனை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் அந்த மேகத்தை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.