ஆடிய தலை

அப்பாவுக்கு இழுப்பு வந்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்கி ஒரு வாரம் இருக்கும். ஆனாலும் விடிகாலையில் காசிமேட்டு ஏலத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நின்றபடியே கண்ணயர்ந்து அவள் தலை முன்னால் ஆட, ஏலக்காரர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு கூடை வஞ்சிரத்தை அவள் பேரில் முடித்துவிட்டார். அம்மா விற்பது நெத்திலி. விஷயம் புரிந்ததும் ஏலக்காரரே, "தூங்கிட்டியா கெங்கம்மா? பரவால்ல, வேற ஆளுக்கு வுட்டுட்றேன்" என்றார்.

"ஆடுனது என் தலதானே? தூக்கி வைங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவோ வண்ணாரப்பேட்டையில் தெருத்தெருவாகச் சுற்றி, மதியத்துக்குள் கூடையைக் காலி செய்துவிட்டாள்.

அன்று மாலை பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம், அவள் காதிலேயே வாங்காத பேச்சைத் துணிந்து எடுத்தேன். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அறிவு என்ற பையனை நான் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலை மெல்ல ஆடியது. அப்புறம்தான் குறட்டை கேட்டது.

மறுநாள் காலையில் நானே சொன்னேன்: "நேத்து நான் கேக்கும்போது நீ தூங்கிட்டம்மா. அது கணக்குல இல்ல."

அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"தலய ஆட்டிட்டு நான் என்னிக்கி மாத்திப் பேசிக்கீறேன்? ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளய வூட்டாண்ட வரச் சொல்லு."